சாய்வை அறியாத ‘சாவி’: மலையகத்தில் பத்து மாதம் பயன்படுத்திய செய்மதிப் பயிர்க் கண்காணிப்புச் சேவை

தலவாக்கலைக்கு மேலே செங்குத்தான சரிவில் இரண்டரை ஏக்கர் தேயிலையும், வெலிமடைப் பக்கம் குத்தகைக்கு எடுத்த ஒன்றேகால் ஏக்கர் மரக்கறி நிலமும் என் பொறுப்பில் இருக்கின்றன. நுவரெலியாவைக் கடந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வருவதில் ஒரு பகல் கழிந்துவிடுகிறது. போகாத நாட்களில் பயிர் எப்படி இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று விளம்பரம் செய்த செய்மதிச் சேவையொன்றுக்குக் கடந்த ஜனவரியில் சந்தா கட்டினேன். ஒக்டோபர் முடியும் வரை பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெரிய பிழையொன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை அவர்கள் பின்னர் திருத்தியும் விட்டார்கள். இதே இலவசத் தரவை வைத்து இதே கணக்கைச் செய்யும் சேவைகள் பல இருப்பதால், நான் பரிசோதித்த முறை எதை வாங்குபவருக்கும் உதவும்.

சேவை கைத்தொலைபேசிச் செயலியாக வருகிறது. நிலத்தின் எல்லையை வரைபடத்தில் விரலால் கோடிழுத்துக் காட்டினால், ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்டினல்-2 செய்மதிகள் எடுத்த படங்களிலிருந்து அந்த எல்லைக்குள் விழும் பகுதியை எடுத்து, தாவரச் சுட்டெண்களாக, அதாவது பயிரின் பசுமையைக் காட்டும் எண்களாக, மாற்றி, சிவப்பிலிருந்து பச்சை வரையான நிறங்களில் காட்டுகிறது. இந்த வரிசையின் முதற் செய்மதி 2015இலும் இரண்டாவது 2017இலும் ஏவப்பட்டன. இவ்வரிசையில் இரண்டு செய்மதிகள் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் பிடிக்கின்றன. கணக்குக்கு வேண்டிய சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பும் 10 மீற்றருக்கு 10 மீற்றர் என்ற கட்டங்களாகக் கிடைக்கின்றன. நம் கணக்கில் ஒரு கட்டம் ஏறக்குறைய 4 பேர்ச் (ஏக்கருக்கு 160 பேர்ச்). என் வெலிமடை நிலம் 200 பேர்ச். அதாவது 50 கட்டங்கள். ஓரக் கட்டங்களில் பக்கத்து நிலமும் பாதையும் கலந்துவிடுவதால் நம்பிப் பார்க்கக்கூடியவை முப்பதுக்கு மேல் தேறாது. கால் ஏக்கருக்குள் கரட்டும் லீக்ஸும் மாற்றி மாற்றிப் போடுபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே இதை வாங்காமல் விடலாம்.

மாதக் கட்டணம் ஓர் ஆளுக்கு ஒன்றரை நாள் கொடுக்கும் சம்பளத்துக்குச் சமமாக இருக்கிறது. அதிகம் என்று சொல்ல மாட்டேன். செயலி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒழுங்காக இருக்க, தமிழ்ப் பக்கத்தை மட்டும் எந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள் போலும். வெலிமடையில் நெல் விளைந்த வயலிலேயே உருளைக்கிழங்கும் போடுவது உண்டு என்பதால் அதை வயல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தேயிலை மலையையும் “உங்கள் வயல் அழுத்தத்தில் உள்ளது” என்று அறிவிக்கும்போது, அழுத்தம் பயிருக்கா படிப்பவருக்கா என்ற ஐயம் எழுகிறது.

இந்தச் சேவையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது பலரும் காட்டும் என்டிவிஐ (NDVI) என்ற சுட்டெண்ணோடு நில்லாமல், மண்ணுக்குத் திருத்தம் செய்த தாவரச் சுட்டெண்ணையும் முதன்மையாகக் காட்டியதுதான். 1972இல் முதல் லான்ட்சாட் செய்மதி ஏவப்பட்ட பின்னர் புழக்கத்துக்கு வந்த என்டிவிஐயின் கணக்கு எளிமையானது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், இலை அடர அடர எண் 1ஐ நோக்கி உயர்கிறது. இலை நிலத்தை மூடியிருக்கும்வரை இது சரி. மூடாத நிலத்தில் செய்மதி பார்ப்பது பயிரை விட மண்ணைத்தான், மண்ணும் எல்லா நாளும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். காய்ந்த மண் சிவப்பில் 0.20, அகச்சிவப்பில் 0.26 என்ற அளவில் ஒளியைத் தெறிக்கச் செய்கிறது என்று கொள்வோம்; என்டிவிஐ 0.13. அதே மண் மழையில் நனைந்து கறுத்து, முறையே 0.06, 0.09 என்று ஆனால் என்டிவிஐ 0.20. ஒரு முளைகூட வெளிவராத நிலம் ஒரே மழையில் பச்சை பிடித்துவிட்டதாகப் படம் சொல்லும்.

இந்தக் குறைக்கு 1988இல் அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்ஃபிரெடோ ஹியூட்டே ஒரு வழி சொன்னார். வகுக்கும் கூட்டுத்தொகையோடு எல் என்ற ஒரு மாறிலியைச் சேர்த்து, வரும் விடையை ஒன்றுடன் அந்த மாறிலியைக் கூட்டிய தொகையால் பெருக்க வேண்டும். பயிர் மிக ஐதாக இருந்தால் மாறிலி 1, நடுத்தரமாக இருந்தால் 0.5, அடர்ந்திருந்தால் 0.25, சுழியம் என்று வைத்தால் பழைய என்டிவிஐதான் திரும்ப வரும். பெரும்பாலான சேவைகள் 0.5ஐயே நிலையாக வைத்துக்கொள்கின்றன, இந்தச் சேவையும் அப்படியே. மேலே சொன்ன காய்ந்த மண்ணுக்கு இந்தக் கணக்கில் 0.09உம் நனைந்த மண்ணுக்கு 0.07உம் வருகின்றன. இரண்டும் வெறும் மண் என்பது இப்போது எண்ணிலேயே தெரிகிறது.

மண்ணுக்குத் திருத்தம் செய்த இந்தச் சுட்டெண்ணின் ஆங்கில முதலெழுத்துகளை (SAVI) சேர்த்துப் படித்தால் ‘சாவி’ என்று வருகிறது. மலையகத்தில் நமக்கு அது பூட்டைத் திறப்பது; நெல் விதைப்பவர்களுக்கு மணி பிடிக்காமல் பதராய்ப் போன பயிர். இந்தச் சேவையில் முதல் மூன்று மாதமும் எனக்குக் கிடைத்தது இரண்டாவது சாவிதான்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேராதனையில் விவசாயம் படித்த என் அக்காவின் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, தேயிலைக்கு அந்த வாரம் செயலி காட்டிய எண்ணைப் பெருமையாகக் காட்டினேன். 1.12 என்று இருந்தது. “மாமா, இது ஒன்றைத் தாண்டவே கூடாதே” என்றாள் அவள். உண்மைதான், சிவப்பு முழுவதும் உறிஞ்சப்பட்டு அகச்சிவப்பு முழுவதும் திரும்பி வரும் நடைமுறையில் இல்லாத ஓர் இலைக்குக்கூட, மாறிலியை 0.5 என்று வைத்தால் விடை சரியாக 1தான். இருவரும் உட்கார்ந்து, செயலி தரும் அட்டவணையைத் தரவிறக்கி, ஒவ்வொரு திகதிக்கும் உரிய சாவியை என்டிவிஐயால் வகுத்துப் பார்த்தோம். தேயிலையானாலும் வெறும் மண்ணானாலும் விடை மாறாமல் 1.5.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. செய்மதித் தரவில் ஒளித்தெறிப்பு வீதம் 0.05, 0.35 என்று பின்னமாகச் சேமிக்கப்படுவதில்லை. 10,000ஆல் பெருக்கி 500, 3500 என்று முழு எண்களாகவே வைக்கிறார்கள். என்டிவிஐ வெறும் விகிதம் என்பதால் எந்த அளவில் போட்டாலும் அதே 0.75தான் வரும். சாவியில் அப்படியல்ல. 500ஐயும் 3500ஐயும் கூட்டிய 4000 என்ற பெரிய எண்ணோடு 0.5ஐச் சேர்ப்பது கடலில் பெருங்காயத்தைக் கரைப்பது போன்றது. மாறிலி இருந்தும் இல்லாததாகிவிட, 1.5ஆல் பெருக்குவது மட்டும் மிஞ்சுகிறது. அதாவது, மண்ணுக்குத் திருத்தம் செய்தது என்று சொல்லி மூன்று மாதமும் அவர்கள் விற்றது அதே என்டிவிஐயை ஒன்றரை மடங்காக்கிய எண்ணைத்தான். நிறங்களுக்குரிய அளவுகோலையும் அதற்கேற்பப் பெரிதாக்கி வைத்திருந்ததால் படத்தைப் பார்த்து எவருக்கும் ஐயம் எழ வழியில்லை. இப்படி ஒரு சேவையை வாங்குபவர் செய்யவேண்டிய முதற் பரிசோதனை இதுதான்: ஐந்தாறு திகதிகளின் இரண்டு எண்களையும் எடுத்து வகுத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே விடை வந்தால் அங்கே திருத்தம் எதுவும் நடக்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. சென்டினல்-2 தரவின் சேமிப்பு முறை 2022 ஜனவரி இறுதியில் மாறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டப்பட்டே வருகிறது. அதைக் கழிக்காமல் கணக்கிட்டால், 0.75 என்று இருந்த என்டிவிஐ ஒரே இரவில் 0.50க்கு இறங்கியதாகத் தெரியும். இவர்களுடைய பழைய வரைபடங்களில் அந்த மாதத்தில் எந்தப் பள்ளமும் இல்லை. அதைச் சரியாகக் கையாண்டிருக்கிறார்கள். அவ்வளவு கவனமாக இருந்தவர்கள் இதைக் கோட்டைவிட்டதுதான் எனக்கு வியப்பு.

கணக்கை விளக்கி மின்னஞ்சல் அனுப்பினோம். ஒன்பது நாள் கழித்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் திருத்தத்தைச் செய்தார்கள். 1.1 என்று இருந்த தேயிலை அதிகாலையில் 0.5 என்று விழுந்தது. விழுந்ததை எந்திரம் பயிரின் வீழ்ச்சியாக எடுத்துக்கொண்டு, “உங்கள் வயல் கடும் அழுத்தத்தில் உள்ளது” என்ற செய்தியை எனக்கு அனுப்பியது. பண்டாரவளையில் இதே சேவையை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கும் அதே செய்தி வந்து, அவர் போஞ்சித் தோட்டத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். பிழையைத் திருத்தியதற்காக நான் அவர்களைப் பாராட்டுகிறேன். அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

திருத்தத்துக்குப் பின்னர் வெலிமடை நிலத்தில் இந்தச் சேவை காட்டிய பயனை நான் எதிர்பார்க்கவில்லை. ஜூலை முதல் வாரத்தில் கிழங்கு நட்டோம். பாத்திகளுக்கிடையே இரண்டடி இடைவெளி இருப்பதால் இலை பரவி நிலத்தை மூட ஆறேழு வாரம் ஆகும். அதுவரை மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி மண்தான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, வெலிமடை இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும் காலம் அது என்பதால் வானமும் திறந்திருந்தது. நட்ட நான்காம் வாரத்தில் வந்த படத்தில், கீழ்ப்பாத்தியின் மூலையில் ஐந்து கட்டங்களை என்டிவிஐ மற்ற இடங்களைவிடச் சற்றுப் பச்சையாகவே காட்டியது. சாவியோ அதே ஐந்து கட்டங்களை நிலத்திலேயே மிகத் தாழ்ந்தவை என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசுவதைப் பார்த்துவிட்டு மறுநாளே போனேன். வாய்க்கால் உடைந்து நீர் அங்கே தேங்கியிருந்தது. மண் கறுத்துச் சேறாகி, விதைக்கிழங்கில் பாதி அழுகிப்போயிருந்தது. என்டிவிஐ கண்ட பச்சை ஈரமண்ணின் கருமை. பயிர் இல்லாததைச் சரியாகக் கண்டது மற்றதுதான். அந்த மூலைக்கு வடிகால் வெட்டி மீதிப் பாத்தியைக் காப்பாற்றிக்கொண்டோம். அந்த ஒரு நாளில் பத்து மாதக் கட்டணமும் திரும்பி வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

செயலியின் ‘மேலும்’ என்ற பட்டியலுக்குள் 1994இல் வெளிவந்த திருத்திய சாவியும் இருக்கிறது. அதில் எல் என்ற மாறிலியை நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை, பயிரின் அடர்த்திக்கு ஏற்பக் கணக்கே அதை மாற்றிக்கொள்கிறது. முளை வந்ததிலிருந்து இலை மூடும் வரை தொடர்ந்து பார்க்கும் கிழங்குக்கு இதுவே பொருத்தம். இதை முகப்பில் வைக்காமல் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

தேயிலை மலையில் கதை வேறு. திருத்தத்துக்குப் பின்னர் மூன்று ஆண்டுப் பழைய வரைபடமும் புதிய கணக்கில் வந்தது. என் தேயிலை ஒரு முகட்டின் இருபுறமும் இறங்குகிறது. ஒரு பக்கம் தென்கிழக்கையும் மற்றப் பக்கம் வடமேற்கையும் பார்க்கிறது. வடமேற்குப் பக்கத்தின் எண் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பரிலும் ஜனவரியிலும் விழுந்து, மார்ச்சில் எழுந்து நின்றது. அந்த மாதங்களில் அந்தப் பக்கத்தில் கொழுந்து குறைந்ததாக என் நிறுவைப் புத்தகத்தில் இல்லை. என்டிவிஐ கோட்டிலும் அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. செய்மதி காலை 10.30 அளவில் நம்மைக் கடந்து செல்கிறது. ஜனவரியில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கில் நிற்பதால், வடமேற்கே சாயும் செங்குத்துச் சரிவில் வெயில் மேலோட்டமாகவே படுகிறது; சமதரையில் விழும் ஒளியில் பாதிகூட அங்கே விழுவதில்லை. நல்ல வெளிச்சத்தில் 0.05, 0.35 என்று தெறிக்கும் இலை, பாதி வெளிச்சத்தில் 0.025, 0.175 என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிறங்களும் ஒரே விகிதத்தில் குறைவதால் என்டிவிஐ இரண்டிலும் 0.75. சாவி மட்டும் 0.50இலிருந்து 0.32க்கு இறங்குகிறது. மண்ணின் கருமையை அடக்குவதற்காகச் சேர்த்த அதே மாறிலிதான், வெளிச்சக் குறைவு தானாகவே கழிந்துபோகும் விகிதத்தின் குணத்தைக் கெடுத்துவிடுகிறது. சமதரையில் இது ஒரு பொருட்டே அல்ல. மலையகத்தில் சமதரைக்கு எங்கே போவது? வேடிக்கை என்னவென்றால், கணக்குப் பிழையாக இருந்த மாதங்களில் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. பிழையைத் திருத்திய பிறகுதான் மலையின் நிழல் பயிரின் நோயாகத் தெரியத் தொடங்கியது.

இதற்கும் தீர்வு இல்லாமல் இல்லை. நிலத்தின் உயரத் தரவை வைத்து ஒவ்வொரு கட்டத்தின் சாய்வையும் சூரியன் நின்ற திசையையும் கணக்கிட்டு, சுட்டெண்ணைக் கணிக்கும் முன்னரே வெளிச்ச வேறுபாட்டைச் சரிசெய்யும் முறைகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் அளந்த உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. இச்சேவை அதைச் செய்வதில்லை. கேட்டதற்கு, தங்கள் பயனர்களில் பெரும்பாலோர் சமவெளி நெல் விவசாயிகள் என்று பதில் எழுதினார்கள். அப்படியானால் தேயிலைக் கொழுந்தின் படத்தை விளம்பரத்தில் போட்டிருக்க வேண்டாம்.

சரிவில் தேயிலை வைத்திருப்பவர்கள் இதைப் பயன்படுத்துவதானால், ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தோடு ஒப்பிடாமல், அதே பக்கத்தை முந்தைய ஆண்டுகளின் அதே மாதத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். நிலம் முழுதும் மூடிய முதிர்ந்த தேயிலைக்கு மண் திருத்தமே அவ்வளவாகத் தேவையில்லை. அங்கே என்டிவிஐயைப் பார்த்தாலே போதும், அடர்ந்த இலையில் அது மேலே முட்டிக்கொண்டு சிறு மாற்றங்களைக் காட்டாமல் போகும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். நிழலுக்கு நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) மரங்களின் இலையும் அதே கட்டத்தில் கலந்துவிடுகிறது. அதை எந்தச் சுட்டெண்ணும் பிரித்துக் காட்டாது.

மண் திருத்தம் தேயிலைக்கு உண்மையில் தேவைப்படுவது கவ்வாத்து வெட்டிய பிறகுதான். ஜூனில் முக்கால் ஏக்கரைக் கவ்வாத்து வெட்டினோம். தளிர் எங்கே நன்றாக விடுகிறது, எங்கே செடி பட்டுப்போகிறது என்பதைப் படத்தில் பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால் ஊவாவுக்கு வானத்தைத் திறந்துவிட்ட அதே பருவக்காற்று தலவாக்கலையை மூடிவிட்டது. ஜூன் தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் முடிய மேகமில்லாமல் கிடைத்தவை நான்கே படங்கள், அவற்றிலும் ஒன்றில் மெல்லிய மேகத்தைச் செயலி கவனிக்காமல் பயிராகவே கணக்கிட்டிருந்தது. வெட்டிய கிளைகளைச் செடியின் மேலும் தரையிலும் போட்டுவைப்பது நம் வழக்கம். காய்ந்த அந்தச் சருகு மண்ணைப் போலவும் இல்லை, பச்சை இலையைப் போலவும் இல்லை. மண்ணுக்காகச் செய்த திருத்தம் சருகைத் திருத்துவதில்லை. மேகத்தை ஊடுருவும் ராடார் செய்மதித் தரவும் இலவசமாகக் கிடைக்கத்தான் செய்கிறது. இச்சேவை அதைச் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் நம் செங்குத்துச் சரிவுகளில் ராடார் படம் மடிந்தும் மறைந்தும் போவதால் பெரிய பயன் இருந்திருக்காது.

கிழங்கில் இலைக்கருகல் வந்தால் முன்கூட்டி எச்சரிக்கும் என்று விளம்பரத்தில் இருந்தது. பனியும் ஈரமும் சேர்ந்தால் ஓரிரு நாளில் ஒரு பாத்தியையே கருக்கிவிடும் நோயை, மேகம் விட்டால் ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் படத்தை நம்பிக் காத்திருக்க முடியாது. அந்த வேலைக்குக் காலையில் பாத்திக்குள் இறங்கி இலையைப் புரட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கணினியில் சற்றுப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதே சென்டினல்-2 படங்கள் கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரு பயனர் கணக்கைத் திறந்து, சூத்திரத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். எல் மாறிலியை 1 என்றும் 0.25 என்றும் மாற்றிப் பார்க்கலாம்; எண்களும் அங்கே பின்னமாகவே வருவதால் மேலே சொன்ன பிழைக்கு இடமில்லை. அக்காவின் மகள் அரை மணி நேரத்தில் எனக்கு அதைக் கற்றுத்தந்தாள். தொலைபேசிக்கு எச்சரிக்கை வராது, எல்லையை ஒவ்வொரு முறையும் தேடிப் பெரிதாக்க வேண்டும் என்பவைதான் குறைகள். கட்டணச் சேவை விற்பது அந்த வசதியை மட்டுமே. தரவு எல்லோருக்கும் பொது.

ஊவாப் பக்கம் அரை ஏக்கருக்கு மேல் ஒரே பயிர் போடுபவர், இலை மூடும் வரையான வாரங்களுக்கு இச்சேவையை எடுத்தால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. மேற்குச் சரிவில் தேயிலைக்கு மட்டும் வாங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்துக்கு இரண்டு என்பதே அதற்கு நான் கொடுக்கும் புள்ளி, வெலிமடைக்கு நான்கு. தலவாக்கலை நிலத்தின் சந்தாவை ஒக்டோபர் 31ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டேன். வெலிமடைக்கு மாதச் சந்தாவாக மாற்றி, அடுத்த கிழங்கு நடும் நாளிலிருந்து எட்டு வாரத்துக்கு மட்டும் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அப்படி எடுக்கலாம் என்று இம்முறை இரண்டே நாளில் பதில் வந்தது.